அப்பாவின் திவசத்தில் மோர்மிளகாய் ஏன் இல்லை?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். இது என் மகள் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

போன மாதம் அப்பாவுக்கு முதல் வருஷத் திவசம். மயிலாடுதுறையில் அம்மா இருக்கிற வீட்டிலேயே தம்பி செய்தான். சமையலுக்கு ஒரு மாமியை ஏற்பாடு செய்திருந்தோம், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வந்து, நான் வாங்கி வைத்திருந்த சாமான்களைக் கூடத்தில் பரப்பச் சொன்னார். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை, இஞ்சி, பயத்தம்பருப்பு, மிளகு, சீரகம் எல்லாம் ஒரு பக்கம் போயின. வரமிளகாய், பச்சை மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பெருங்காயம் எல்லாம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது குவியலைப் பையில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது அடுக்களைப் பக்கம் வர வேண்டாம்" என்றார்.

மறுநாள் சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது. மிளகும் தேங்காயும் அரைத்துவிட்ட கூட்டு, மிளகு ரசம், பிரண்டைத் துவையல், மிளகு தட்டிப் போட்ட வடை. ஒன்றிலும் மிளகாய் இல்லை. கடைசியில் தயிர் சாதத்துக்கு வந்தபோது என் மகள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது படிக்கிறாள். "தாத்தாவுக்கு மோர்மிளகாய் இல்லாமல் தயிர் சாதமே இறங்காதே, அவருக்காகச் சமைச்ச சாப்பாட்டில அது ஏன் இல்லை?" என்று கேட்டாள். "பித்ருக்களுக்கு மிளகாய் ஆகாதும்மா, மிளகுதான்" என்றார் மாமி. "தாத்தாவுக்கு ஆகுமே" என்றாள் இவள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சொன்னது உண்மைதான். சித்திரையில் அம்மா மிளகாயைக் கீறித் தயிரில் ஊறப்போட்டு மொட்டைமாடியில் காயவைத்தால், வெயில் சாய்ந்ததும் தட்டை உள்ளே எடுத்து வைப்பது அப்பாவின் வேலை. யாரையும் தொட விடமாட்டார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன கடைசி மூன்று மாதத்திலும் ஒரே ஒரு மிளகாய் கேட்பார். நாங்களும் ஒன்றே ஒன்று வறுத்துக் கொடுப்போம்.

மிளகாய் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதனால்தான் திவசத்தில் சேர்ப்பதில்லை என்று சித்தப்பா சொல்கிறார். இது உண்மையா? வந்தது என்றால் எப்போது வந்தது? மிளகாய் இல்லாத காலத்தில் நம் ஆட்கள் காரத்துக்கு என்ன செய்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொன்னாலும் சரி.


நாஞ்சில் வாசகன் எழுதியது:

மற்றதையெல்லாம் பெரியவர்கள் சொல்லட்டும். என்னிடம் ஒரு சொல் மட்டும் இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீடுகளில் மிளகை நல்லமிளகு என்போம். சின்ன வயதில், அப்படியானால் கெட்ட மிளகு எது என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். பாட்டி அடுப்புக்கு மேலே தொங்கிய வத்தலைக் காட்டினாள். மலையாளத்திலும் இப்படித்தான். வெறுமே முளகு என்றால் மிளகாய். மிளகு வேண்டுமென்றால் குருமுளகு, இல்லாவிட்டால் நல்லமுளகு என்று கேட்க வேண்டும். பின்னால் வந்தது பெயரை எடுத்துக்கொண்டது, முன்னால் இருந்தது ஒரு அடைமொழி சேர்த்துக்கொண்டு நிற்கிறது.


செங்கோட்டை வாத்தியார் எழுதியது:

காவிரிக்கரை அம்மா, உங்கள் மகளிடம் முதலில் சொல்லுங்கள்: கேள்வி மிகச் சரியான கேள்வி. முப்பத்தொரு வருஷம் தாவரவியல் நடத்தியிருக்கிறேன், என்னிடம் இதை இப்படி யாரும் கேட்டதில்லை.

உங்கள் சித்தப்பா சொன்னது உண்மை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பகுதிகளில் பல ஆயிரம் வருஷங்களாகப் பயிராகி வந்தது. 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்குகிற வரைக்கும் ஆசியாவில், ஐரோப்பாவில், ஆப்பிரிக்காவில் ஒருவர்கூட மிளகாயைப் பார்த்ததில்லை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510இல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களுடைய கப்பல்களில்தான் மிளகாய் நம் கரைக்கு வந்தது. அப்படிப் பார்த்தால் ராஜராஜ சோழன் மிளகாயைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. கம்பரும் ஒட்டக்கூத்தரும் சாப்பிட்ட எந்தக் குழம்பிலும் அது இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் படையலுக்கு இன்னின்னது இவ்வளவு என்று அளந்து வெட்டி வைத்திருக்கிறார்கள். மிளகு, சீரகம், கடுகு, புளி, நெய், தயிர் எல்லாம் வருகிறது. மாமி கூடத்தில் பிரித்துவைத்த முதல் குவியலோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். மிளகு, திப்பிலி, சுக்கு, இஞ்சி, கடுகு. நம் பழமொழிகளைக் கவனியுங்கள். காரம் போகாத பொருளுக்கு உதாரணம் கேட்டால் பழமொழி கடுகைத்தான் காட்டுகிறது: கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. விஷத்தை முறிக்கும் என்று நம்பியதும் மிளகைத்தான்: பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம். இன்றைக்குக் காரம் என்றதும் முதலில் மனத்தில் வருவது மிளகாய். அந்தப் பழமொழிகளைச் சொல்லிவைத்தவர்களுக்கு அது வரவில்லை.

சங்க காலத்தில் மிளகுக்குக் கறி என்று பெயர். அகநானூற்றில் 149ஆம் பாட்டில், யவனருடைய கப்பல் முசிறிக்கு 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று வருகிறது. முதல் தடவை வகுப்பில் கேட்டபோது கறி என்றதும் நான் ஆட்டுக்கறியை நினைத்துக்கொண்டேன். தமிழாசிரியர் பொறுமையாகத் திருத்தினார். அந்தப் பாட்டு வெறும் கற்பனையும் அல்ல. எகிப்தில் செங்கடல் ஓரம் பெரெனிகே என்கிற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது ஒரு கோவிலில் பெரிய ஜாடி கிடைத்தது, உள்ளே ஏழரைக் கிலோவுக்கு மேல் மிளகு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்தது. சாந்துபோல் மசிந்துவிடாமல் மிளகு மிளகாகவே இருந்தது. கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், நகரத்தை விட்டு விலகுவதற்குத் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கினான்.

இவ்வளவு பெருமை உள்ள மிளகை மிளகாய் எப்படி ஓரங்கட்டியது? எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மிளகுக்கொடி இருக்கிறது. குற்றாலச் சாரலும் மர நிழலும் இருப்பதால் பிழைக்கிறது. நட்டு மூன்றாவது வருஷம்தான் காய்த்தது. அதே கொடியைத் திருச்சியில் என் பெண் வீட்டில் இரண்டு தடவை வைத்துப் பார்த்தோம், இரண்டு தடவையும் கருகிவிட்டது. மிளகாய்க்கு மலையும் வேண்டாம், நிழலும் வேண்டாம், கொடி ஏற மரமும் வேண்டாம். உடைந்த பானையில் மண் போட்டு நாலு விதை தூவினால் சில மாதத்தில் காய் பறிக்கலாம். காயவைத்தால் அடுத்த வருஷம் வரை கெடாது. மிளகு காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. மிளகாய் இருந்தால் ஏழை வீட்டுக் கூழுக்கும் தொட்டுக்கொள்ளக் காரம் உண்டு. அது இந்த நாடு முழுக்கப் பரவியதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எவ்வளவு சீக்கிரம் பரவியது தெரியுமா? 1542இல் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் என்கிற ஜெர்மானியத் தாவரவியலாளர் மிளகாய்க்குப் படம் போட்டு, அதற்குக் கோழிக்கோட்டு மிளகு என்று பெயர் எழுதினார். கொலம்பஸ் இறங்கி ஐம்பதே வருஷம். அதற்குள் ஐரோப்பாவில் அதை இந்தியச் செடி என்றே நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பெயரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கொலம்பஸ் மிளகைத் தேடிப் போனவர். உறைப்பாக ஒரு காயைக் கண்டதும் அதையும் மிளகு வகையிலேயே சேர்த்துப் பேசினார். ஆங்கிலத்தில் இன்றைக்கும் இரண்டுக்கும் பெப்பர்தான். இங்கே நம் ஆட்களும் மிளகு போல உறைக்கிற காய் என்று மிளகாய் ஆக்கினார்கள். செடியாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மிளகு வெற்றிலைக்குப் பங்காளி. மிளகாய் கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு குடும்பம்.

ஆனால் நாக்கு இரண்டையும் ஒன்றாக நினைத்தது பிழையே இல்லை. இந்த இடத்துக்கு வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். மிளகாயில் இருப்பது கேப்சைசின். மிளகில் இருப்பது பைப்பரின். நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று ஒரு வாங்கி இருக்கிறது. சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 'சுடுகிறது' என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதன் வேலை. கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டால் சூடே இல்லாமல் அதே தகவல் போகிறது. பைப்பரினும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது, வேகம் குறைவு. அதனால்தான் மிளகாய் கடித்தால் வாய் எரிகிறது, வியர்க்கிறது, மூக்கில் நீர் வடிகிறது. உடம்பு நிஜமாகவே சுட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய ஆராய்ச்சி தொடங்கியதே மிளகாயில்தான்.

வகுப்பில் நான் வருஷா வருஷம் செய்யும் ஒரு பரிசோதனை உண்டு. பச்சை மிளகாயை நீளவாக்கில் பிளந்து, நுனித் தோலில் ஒரு துணுக்கு கொடுப்பேன், பெரிதாக உறைக்காது. அப்புறம் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளை நரம்பில் ஊசிமுனை அளவு. பையன் துள்ளுவான். காரம் விதையில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கேப்சைசின் உண்டாவது அந்த வெள்ளைச் சதையில், விதை அதில் ஒட்டியிருப்பதால் வாங்கிக்கொள்கிறது. துள்ளிய பையனுக்குத் தண்ணீர் தரமாட்டேன், மோர்தான். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தயிர், மோரில் உள்ள புரதமும் கொழுப்பும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மிளகாயைத் தயிரில் ஊறவைக்கிற உங்கள் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

சரி, திவசத்துக்கு வருகிறேன். மாமி சமைத்தது ஏறக்குறைய 1500க்கு முந்தைய சமையல். தினசரி அடுக்களை புதியதை வாங்கிக்கொண்டது, சடங்கு அடுக்களை பழையதை விடவில்லை. சில கோவில் மடைப்பள்ளிகளிலும் இதைப் பார்க்கலாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் இட்லியில் மிளகும் சுக்கும் சீரகமும்தான். அழகர்கோவில் தோசையிலும் மிளகும் சுக்கும். ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் கோவில் பிரசாதத்தில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே இல்லை. உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: தாத்தாவின் தாத்தாவுக்கு முன்னால், அவருக்கும் பல தலைமுறை முன்னால் இருந்தவர்கள் வந்து உட்கார்ந்தாலும், இலையில் இருக்கிற எல்லாமே அவர்களுக்குத் தெரிந்த பண்டமாக இருக்கும்.


முதுகுளத்தூர் சம்சாரி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் மிளகாயை வெளியாள் என்று சொல்லக் கேட்டால் எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்களுக்கு நாலு தலைமுறையாக அதுதான் சோறு.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் தெரியுமா? குண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள், தாளிப்பில் உருண்டையாக முழுசாகக் கிடக்குமே அது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது மானாவாரிப் பயிர். ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். தை கடைசியிலிருந்து பழம் எடுக்கத் தொடங்கினால் சித்திரை வரைக்கும் போகும். மழை ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் அந்த வருஷக் கணக்கு மாறிவிடும். காய்கிற களத்தில் மழை விழுந்தால் பழம் வெளுத்துப்போகும், வெளுத்த வத்தலுக்குக் கமிஷன் கடையில் பாதி விலைகூடச் சொல்ல மாட்டார்கள். பழம் பறிக்கிற பெண்கள் ராத்திரி கை எரிகிறது என்று நல்லெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்கள். என் அம்மாவின் கை எனக்கு அந்த வாசனையோடுதான் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சடங்கில் மிளகாய் இல்லை என்கிறீர்கள். எங்கள் அம்மாச்சி, பிள்ளை ஊருக்குப் போய்த் திரும்பினாலே உப்பும் மிளகாயும் கடுகும் கையில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போடும். கமறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். எலுமிச்சம்பழத்தோடு மிளகாய் கோத்துத் தொங்காத கடை உண்டா? ஆக, வீட்டுக்குள்ளே ஒரு சடங்கு மிளகாயை வாங்கிக்கொண்டது, இன்னொன்று வாங்கவில்லை. இது எனக்கு விளங்கவில்லை, ஐயா சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு ஒரு சேதி. எங்கள் கொல்லையில் பழுத்த பழத்தைக் கிளி வந்து கொத்தும். அதுக்கு எரியவே எரியாது. ஆடு மாடு ஒரு கடி கடித்தால் மறுபடி அந்தப் பக்கம் திரும்பாது.


மட்டுநகரான் எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் மிளகாயைக் கொச்சிக்காய் என்றுதான் சொல்லுவோம். கொச்சியிலிருந்து வந்த காய். யாழ்ப்பாணத்தார் மிளகாய், செத்தல் மிளகாய் என்பார்கள். வாத்தியார் ஐயா சொன்ன கப்பல் பாதையை எங்கள் அம்மம்மா தெரியாமலே தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறா.

நாஞ்சில் அண்ணன் சொன்னதற்கும் ஒரு சோடி இருக்கிறது. சிங்களத்தில் மிளகாய்க்கு மிரிஸ். மிளகுக்கு கம்மிரிஸ். கம என்றால் ஊர். ஊர் மிளகு! நாகர்கோவிலில் நல்லமிளகு, எங்கள் அயலில் ஊர் மிளகு. இரண்டு இடத்திலும் பழையதுக்குத்தான் அடைமொழி.

முந்திரிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. எங்கள் பக்கம் முந்திரிகை என்றால் திராட்சை. கஜுவை மரமுந்திரிகை என்போம். அந்த மரமும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசர் கொண்டுவந்ததுதான். தமிழ்நாட்டில் மரம் கழன்று, வந்தது முந்திரி ஆகிவிட்டது, முந்தி இருந்தது கொடிமுந்திரி ஆகி, இப்போது யாரும் அப்படிச் சொல்வதாகவும் தெரியவில்லை.

கறி என்ற சொல்லைப் பற்றி ஐயா எழுதினதை இரண்டு தடவை வாசித்தேன். எங்களுக்கு மீன்கறி, கத்தரிக்காய்க்கறி எல்லாமே கறி. காய்கறிக்கு மரக்கறி. அந்தச் சொல்லின் அடியில் மிளகு கிடக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.


காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி மகளை உட்காரவைத்து முழுவதும் படித்தேன். கிளியைப் பற்றி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஏன் கிளிக்கு எரியவில்லை என்று கேட்கிறாள்.

எனக்கும் ஒரு சந்தேகம். வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு மாமிக்கு ஃபோன் செய்தேன். திவசத்துக்குச் சேர்க்கும் காய்களை முழுக்கச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்ன பட்டியலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இருந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான் என்று மகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் அது எப்படி உள்ளே வந்தது? இன்னொரு பக்கம், கத்திரிக்காய் நம் நாட்டுக் காய்தானே, அதை ஏன் மாமி வேண்டாம் என்கிறார்? பெருங்காயம் கொலம்பஸுக்கு ரொம்ப முன்னாலேயே இங்கே இருந்ததே?

மாமி இன்னொன்றும் சொன்னார். பாகற்காய் இருந்தால் நூறு காய் சமைத்த மாதிரி, பிரண்டை முந்நூறு, பலாக்காய் அறுநூறு. இந்த மூன்றும் இருந்தால் ஆயிரம் காய் ஆயிற்று, மற்றதெல்லாம் இருந்தால் இருக்கட்டும் இல்லாவிட்டால் போகட்டும் என்றார்.


செங்கோட்டை வாத்தியார் எழுதியது:

நீங்கள் கேட்ட மூன்றும் நியாயமான கேள்விகள். நான் முன்பு எழுதியதில் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். எது எந்தக் கண்டத்துச் செடி என்று பார்த்து யாரும் இந்தப் பட்டியலைப் போடவில்லை. கத்திரிக்காய், பெருங்காயம், முருங்கை, வெங்காயம், பூண்டு எல்லாம் பழசு, ஆனாலும் பல வீடுகளில் விலக்கு. அதற்கு வேறு நியமங்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு மாறவும் செய்கிறது. மிளகாயைப் பொறுத்தவரை நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: பட்டியல் முன்பே உறைந்துவிட்டது, காரத்துக்கு அதில் மிளகு இருந்தது. மிளகாய்க்கு அங்கே இடம் காலியாக இல்லை.

சர்க்கரைவள்ளி பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம். வள்ளிக்கிழங்கு நம் காட்டுக் கிழங்கு, குறிஞ்சித் தெய்வத்தின் பெயரையே தாங்கியது. அதே சாயலில், இனிப்பாக ஒரு கிழங்கு வந்ததும் சர்க்கரைவள்ளி என்று பெயர் வைத்தாயிற்று. பெயர் வைத்த பிறகு அதை அந்நியம் என்று யார் நினைப்பார்கள்? பரங்கிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பரங்கி என்றாலே வெள்ளைக்காரன், பரங்கிப்பேட்டை, பரங்கிமலை எல்லாம் அதே சொல். பெயரிலேயே ஊரைச் சொல்லிக்கொண்டு வந்த காய். இன்றைக்கு அது இல்லாமல் உங்கள் பக்கம் பொங்கல் குழம்பு உண்டா? மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையில் செருகுகிறீர்களே, பரங்கிப்பூ. சீத்தாப்பழமும் அமெரிக்க மரம்தான், அதற்குச் சீதையின் பெயரே கிடைத்துவிட்டது.

சம்சாரி தம்பி கேட்ட திருஷ்டி விஷயம் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. கண் திருஷ்டி கழிப்பதற்கு எழுதிவைத்த பட்டியல் கிடையாது. அம்மாச்சி கையில் எது கிடைக்கிறதோ, எது வெடிக்கிறதோ, எது கமறுகிறதோ அதை எடுத்துக்கொண்டாள். கடுகு வெடித்தது, உப்பு வெடித்தது. மிளகாய் வந்து கமறியது, சேர்த்துக்கொண்டாள். எனக்குத் தோன்றுகிற விளக்கம் இவ்வளவுதான். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

கிளி விஷயம் பாப்பாவுக்கு. நமக்கு இருக்கிற அந்த வாங்கி பறவைக்கும் உண்டு. நிஜச் சூட்டை அது உணரும். ஆனால் அதன் அமைப்பில் சின்ன வித்தியாசம் இருப்பதால் கேப்சைசின் அங்கே வேலை செய்வதில்லை. செடிக்கு இதில் லாபம். எலி, அணில் மாதிரிப் பிராணிகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும், அந்த விதை முளைக்காது. பறவை பழத்தை விழுங்கி, எங்கோ ஒரு மரத்தடியில் எச்சமிடும், விதை முழுசாக வெளியே வந்து முளைக்கும். கடிக்கிறவனை விரட்டிவிட்டுச் சுமக்கிறவனை மட்டும் அழைக்கிற காரம். எங்கள் பக்கம் தோட்டத்தில் யாரும் விதைக்காமல் காந்தாரி மிளகாய் தானாக முளைக்கும். அதை விதைத்தது பறவைதான். கிளி மட்டுமல்ல, மைனா, காகம், எந்தப் பறவைக்கும் மிளகாய் எரியாது.


முதுகுளத்தூர் சம்சாரி எழுதியது:

ஐயா, திருஷ்டிக்கு நீங்கள் சொன்னது சரியாகத்தான் படுகிறது. அம்மாச்சி இருந்தால் கேட்டிருப்பேன்.

காவிரிக்கரை அக்கா, மோர்மிளகாய்க்கு நீள மிளகாயைத்தான் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு தடவை முண்டு மிளகாயைப் பச்சையாகப் பறித்து, காம்பை எடுக்காமல் ஊசியால் குத்தி மோரில் ஊறப்போட்டுப் பாருங்கள். தோல் தடிப்பு, வறுத்தால் உப்பிக்கொண்டு வரும்.


காவிரிக்கரை எழுதியது:

சம்சாரி தம்பி, மாசியில் காய் வரும்போது இங்கே சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா வழக்கம்போல் காகத்துக்குச் சாதம் வைக்கக் கிளம்பினார். மகள் ஓடிப்போய் டப்பாவைத் திறந்து, வறுத்த மோர்மிளகாய் ஒன்றை எடுத்துச் சாதத்தின் மேல் வைத்தாள். அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மதில்மேல் வைத்துவிட்டு மூன்று பேரும் கதவோரம் நின்றோம். முதலில் வந்த காகம் சாதத்தை இரண்டு கொத்துக் கொத்தியது. அப்புறம் மிளகாயைக் காம்போடு தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது.